பூட்டிக் கிடந்த சிங்கர்: இரண்டு மாத வேலைக் குறிப்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஸ்டோரில் இருபது ஆண்டுக்கு மேல் கிடந்த பாட்டியின் கால்மிதித் தையல் மிஷினைப் போன தைப்பூச விடுமுறையில் வெளியே இழுத்தேன். சிங்கர் 15கே. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் நகரத்துக் கில்போவி ஆலையில் செய்தவற்றுக்குத்தான் இந்தக் 'கே'. அந்த ஆலையை 1980-இல் மூடிவிட்டார்கள். பாட்டி காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, மத்தியானத்துக்கு மேல் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தது இதில்தான்.

துரு வலப்பக்கம்தான் மோசம். கையால் சுற்றும் சக்கரத்தின் பளபளப்பு முழுக்கப் போய்ச் சொரசொரவென்று இருந்தது. யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் புட்டிகளைத் தாத்தா அந்தப் பக்கத்துச் சுவரோரம்தான் அடுக்கி வைப்பார். அந்த ஆவி இரும்பை அரிக்கும். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்!

சக்கரம் இம்மியும் அசையவில்லை. துருதான் கவ்விக்கொண்டது என்று நினைத்து ஒரு வாரம் துரு நீக்கும் ஸ்பிரே அடித்தேன். வீண். இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, உள்ளே துருவே இல்லை. ஊசித் தண்டைச் சுற்றித் தேன் நிறத்தில் பிசின். நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தேங்கா எண்ணெதாம்மா அது. வெள்ளிக்கிழமை ஆனா பாட்டி சாமி கும்பிட்டுட்டு இதுக்கும் விடுவாங்க. மிஷின் எண்ணெ வாங்கணும்னா டவுனுக்குல்ல போகணும்" என்றார்.

தேங்காய் எண்ணெய் மற்ற சமையல் எண்ணெய்களை விட மெதுவாகத்தான் கெட்டியாகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் விட்டதன் மேல் நூல் தூசியும் சேர்ந்து, கடைசியில் ஓட்டமும் நின்றுபோனால் இப்படித்தான் பூட்டிக்கொள்ளும். மிஷின் எண்ணெய் கனிம எண்ணெய் என்பதால் பிசினாவதில்லை. வீட்டில் பழைய மிஷின் இருந்தால் தயவுசெய்து சமையலறை எண்ணெயை விடாதீர்கள்.

அதன்பிறகு முறையை மாற்றினேன். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. அரை மணி நேரம் கழித்து ஹேர் டிரையரால் இரும்பு கை சுடும் அளவுக்குச் சூடு (மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்து எடுத்த பிறகுதான், வாசலில் வைத்து). சூட்டோடு மிஷின் எண்ணெய். பிறகு சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பது. பலம் போடக் கூடாது, உள்ளே ஏதாவது உடைந்தால் பாகம் தேடி அலைய வேண்டும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் சக்கரம் ஒரு விரலளவு நகர்ந்தது. பத்தாம் நாள் முழுச் சுற்று. ஊசித் தண்டு மேலே போய்க் கீழே வருவதை அம்மாவும் நானும் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கறுப்பு மேனியிலும் தங்கப் பூ வேலையிலும் நான் பட்ட பயம் கொஞ்சமல்ல. அவற்றின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு உண்டு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து, பூ வேலையும் கையோடு வந்துவிடும். சோப்புத் தண்ணீரும் ஆகாது, தங்க நிறம் வெள்ளி நிறமாகிவிடும். மிஷின் எண்ணெயில் நனைத்த பஞ்சு மட்டும்தான். மூன்று இரவு துடைத்தேன். பஞ்சு காப்பி நிறமாக வந்துகொண்டே இருந்தது. கையை ஊன்றித் துணியைத் தள்ளித் தள்ளிப் பாட்டி தேய்த்துவிட்ட இடத்தில் பூவே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். புதுப் பூ ஒட்ட மனம் வரவில்லை.

திருகுகள், ஊசித்தட்டு போன்ற சின்ன இரும்புச் சாமான்களைச் சிட்ரிக் அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, அரை மணிக்கொரு முறை எடுத்துப் பார்த்தேன். எடுத்ததும் சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். ஒரு திருகை மறந்து ஓரமாக வைத்துவிட்டேன், தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி செம்மை ஏறியிருந்தது. நூல் இறுக்கத்துக்கான ஸ்பிரிங்கை அமிலத்தில் போடவில்லை, எஃகுக் கம்பி முறியும் தன்மைக்குப் போய்விடும். சக்கரத்துக்கு 0000 நம்பர் (மிக மெல்லிய) இரும்பு நாரும் எண்ணெயும். சொரசொரப்பு போனது, பளபளப்பு திரும்பாது.

இரும்புக் காலுக்குக் கம்பி பிரஷ்தான். தோல் பெல்ட்டு புதிதாக ஈப்போவில் வாங்கினேன்.

சக்கரத்தின் நடுத் திருகுக்கு அடியில் உள்ள வாசரைத் திருப்பிப் போட்டுவிட்டதால் பாபினில் (அடிநூல் உருளை) நூல் சுற்றும்போது, நிற்க வேண்டிய ஊசியும் சேர்ந்தே ஆடியது. கழற்றி அரைச் சுற்று திருப்பி வைத்ததும் சரியானது. பெரிய தலைவலி தையல்தான். மூன்று தையலுக்கு ஒன்று விட்டுப்போனது. ஊசி மாற்றினேன், நூல் மாற்றினேன், பாபின் கேஸைப் பத்து முறை கழற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பாட்டி வலக்கைப் பக்கமிருந்துதாம்மா ஊசியில நூல் கோப்பாங்க" என்றார். இந்த 15 வகையில் ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும், நூல் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தேன்.

மாற்றிப் போட்டதும் அம்மா என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். பழைய கைலித் துணியில் தலையணை உறை ஒன்று, நாலு பக்கமும் ஒரு தையல் விடாமல். மிதியில் மட்டும் இன்னும் கீச்சென்ற சத்தம் வருகிறது. பாபின் சுற்றியின் ரப்பர் வளையம் கல்லாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும். வரும் சனிக்கிழமை மிதியின் இணைப்புத் தண்டைக் கழற்றப் போகிறேன்.