காலை நீட்டினாலும் திறக்காத டிக்கி

பம்பருக்குக் கீழே காலை நீட்டி எடுத்தால் தானாகத் திறக்கும் டிக்கி, இரண்டு கையிலும் சுமை இருக்கும்போது உண்மையிலேயே வசதிதான். ஆனால் பின்னால் லேசாக இடிபட்டு, பம்பரைக் கழற்றி மாட்டிய பிறகு எங்கள் காரில் அது இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் திறக்கும். இன்னொரு நாள் ஒற்றைக்காலில் தவம் இருந்தாலும் அசையாது. கடைசியில் சுத்தமாக நின்றுபோனது. சர்வீஸில் காட்டியபோது "சென்சாரையே மாத்திடலாம்" என்றார்கள். அதற்கு முன் எதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

சாவியில் உள்ள டிக்கி பட்டனை அழுத்தினேன். திறந்தது. ஆக, மோட்டாரும் பூட்டும் நன்றாக இருக்கின்றன. அடுத்து காரைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிக்கிக் கதவிலேயே இருக்கும் பட்டனை அழுத்தினேன். அதற்கும் திறந்தது. என்னைக் கேட்டால் இந்தச் சோதனைதான் முக்கியம். கால் அசைவு மட்டும் போதாது. காரின் பின்பக்க ஆன்டெனா தாழ்ந்த அதிர்வெண்ணில் (பல கார்களில் 125 கிலோஹெர்ட்ஸ்) சாவியைக் கூப்பிட்டு, அது பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். சாவியின் பேட்டரி சோர்ந்துபோனாலே பழி சென்சார் மேல் விழும். எங்கள் விஷயத்தில் சாவியும் ஆன்டெனாவும் தப்பித்துவிட்டன.

திரையில் செட்டிங்கைப் பார்த்தேன். டிக்கி மோட்டாருக்கு ஒன்று, கால் அசைவுக்குத் தனியாக ஒன்று. இரண்டும் ஆனில்தான் இருந்தன. பம்பரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தேன். பலன் இல்லை.

உதைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் பம்பருக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சென்சார்கள் நீளவாக்கில் ஓடும். மேலே இருப்பது முழங்காலுக்குக் கீழ் உள்ள பகுதியையும், கீழே இருப்பது பாதத்தையும் கவனிக்கும். உடம்பு நெருங்கும்போது மின்தேக்கத் திறன் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) மாறுவதை வைத்து உணர்கின்றன. இரண்டும் சேர்ந்து 'வந்தது, போனது' என்று சட்டென்று சொல்ல வேண்டும். அதனால் பக்கவாட்டில் துழாவுவதோ, காலை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பதோ உதவாது. நேராக நீட்டி உடனே எடுக்க வேண்டும். சில கார்களில் உதைக்கவே வேண்டாம், சாவியோடு பின்னால் சில விநாடி நின்றால் போதும். எந்த வகை என்று கையேட்டைப் பார்க்காமல் பம்பரோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

அப்புறம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவருடைய ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்தந்த நொடியில் காட்டும் எண்களை, திறந்து வைத்துக்கொண்டு என்னைக் காலை நீட்டச் சொன்னார். மேல் சென்சாரின் எண் துள்ளியது. கீழ் சென்சாரின் எண் அப்படியே கிடந்தது.

"சென்சார் போயிருக்காதுண்ணே. பம்பரைக் கழட்டினதுக்கு அப்புறம்தானே வந்துச்சு? கனெக்டரைப் பாப்போம்."

அடிக்கவரைக் கழற்றியதும் தெரிந்தது. கீழ் சென்சாரின் கனெக்டர் பூட்டாமல் பாதியில் நின்றிருந்தது. உள்ளே ஈரம் போய் பின்கள் பச்சை பூத்திருந்தன. காரின் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, காயவிட்டு, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். புதுச் சென்சார் தேவைப்படவில்லை.

பேட்டரியை மறுபடி இணைத்ததும் வேறொரு வேடிக்கை: கால் அசைவை உணர்ந்தது, டிக்கியோ பாதியில் நின்றது. கதவு தன் எல்லைகளை மறந்துவிட்டதாம். எங்கள் காரில் அதைக் கையால் முழுதாக மூடிவிட்டு, பட்டனால் ஒருமுறை கடைசிவரை திறக்கவிட்டால் சரியாகிவிடுகிறது. மற்ற கார்களில் முறை மாறலாம்.

இப்போது ஒழுங்காகத் திறக்கிறது. கார் கழுவும்போது மட்டும் சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். பம்பரில் வழியும் தண்ணீரையும் கால் என்று நினைத்துக்கொண்டு திறந்துவிடுகிறது.