சொன்ன பேச்சைக் கேட்கும் சாமிகள் குடியிருக்கும் ஊர்

கோயம்புத்தூரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். ஒரே ஒரு நாள். "காமாட்சியைப் பார்க்கணும், ஏகாம்பரநாதரைப் பார்க்கணும், வரதரைப் பார்க்கணும், அப்புறம் ஒரு பட்டுப்புடவை" என்று வரும்போதே அத்தை கணக்கு வைத்திருந்தார். காஞ்சிபுரத்துக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் என் ஊரை எனக்குத் தெரிந்த வரிசையில் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் காலை ஏழு மணிக்கே ஆட்டோவை மேற்குக் கோடிக்கு, கைலாசநாதர் கோயிலுக்கு விடச் சொன்னேன்.

அந்த நேரத்தில் அங்கே கூட்டமே இருக்காது. புல்வெளிக்கு நடுவில் மணற்கல் கோயில் இளவெயிலில் பொன்னிறமாக நிற்கும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. தூண்களைத் தாங்கிப் பின்னங்காலில் நிற்கும் சிங்கங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மைப் பார்க்கும். சுற்றாலையில் 58 சிறு சன்னிதிகள். ஓர் ஆள் உட்கார்ந்து தியானம் செய்யும் அளவுதான் ஒவ்வொன்றும். சிலவற்றில் பழைய ஓவியத்தின் சிவப்பும் பச்சையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னாளில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் காலத்திலேயே இதற்குப் 'பெரிய' என்று பெயர்.

மூலவர் பதினாறு பட்டை லிங்கம். கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகலான வழி உண்டு. குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே நுழைய வேண்டும், வெளியே வரும்போதும் அப்படியே. மறுபிறவி எடுத்து வருவதாக ஐதிகம். முட்டிவலி என்று மாமா நின்றுவிட்டார். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். வெளியே வந்தவர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

அங்கே உட்கார்ந்துதான் பூசலார் கதையைச் சொன்னேன். பல்லவ மன்னன் காஞ்சியில் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். இறைவன் கனவில் வந்து, "அன்றைக்கு நான் திருநின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வை" என்கிறார். மன்னன் தேடிப் போனால் அங்கே கோயிலே இல்லை. கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கட்டியிருக்கிறார். அந்த மன்னன் கட்டிய கோயில் இதுதான் என்று பலரும் சொல்வார்கள். இவ்வளவு கல்லையும் இவ்வளவு சிங்கத்தையும் பார்த்துவிட்டு அந்தக் கதையை நினைத்தால்தான் அதன் கனம் தெரியும்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பிள்ளையார்பாளையம் வழியாகப் போனோம். தறிச் சத்தம் கேட்டால் ஆட்டோவை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். புடவை வாங்குமுன் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஏகாம்பரம் பிருத்வி தலம், பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது. அம்பாள் மணலால் பிடித்துவைத்த லிங்கம் என்பதால் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது. கம்பையாற்றில் வெள்ளம் வந்தபோது கரைந்துவிடுமோ என்று பயந்து அம்பாள் கட்டிக்கொண்டாள். அதில் சுவாமி குழைந்தார். வளைத் தழும்பு பட்ட திருமேனி என்பார்கள். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு இங்கே எப்போதும் சுந்தரர்தான் நினைவுக்கு வருவார். வாக்குத் தவறிப் பார்வை இழந்து, தடவித் தடவி வந்து நின்று பாடியவருக்கு இடக்கண் கிடைத்த இடம் இது. வலக்கண் திருவாரூரில்.

காமாட்சி சன்னிதியில் நல்ல கூட்டம். பத்மாசனத்தில், கரும்பு வில்லும் மலர் அம்புமாக அமர்ந்திருக்கிறாள், எதிரே ஸ்ரீசக்கரம். இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனி மூலச் சன்னிதி இல்லாததற்குக் காரணம் இவள்தான். ஊருக்கே ஒரு தாய் போதும். நடை சாத்தும் நேரமாகிவிட்டதால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தோம். உச்சிவெயிலில் கோயில் வாசலில் காத்திருக்காதீர்கள். நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

சாயங்காலம் சின்ன காஞ்சிபுரம். வரதராஜர் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் பார்த்துவிட்டு அனந்தசரஸ் குளத்தின் படியில் நின்றோம். அத்திமரத்தால் ஆன வரதர் இதற்குள்தான் இருக்கிறார். 2019-இல் ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் இந்தக் குளத்தைவிட்டு வெளியே இருந்தார். முதலில் சயனத்தில், பிறகு நின்ற கோலத்தில். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. யார் எந்த ஊர் உறவு என்றே தெரியாமல் காபி போட்டுக்கொண்டிருந்தோம். இனி 2059. நாற்பது வருடத்துக்கு ஒருமுறை தரிசனம் தரும் அதே பெருமாள்தான், ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியோடு தினமும் பேசினார். ராமானுஜர் மனசில் இருந்த கேள்விகளுக்கு நம்பியின் வாய்வழியாகத்தான் ஆறு பதில்கள் வந்தன. பக்கத்தில் நிற்கிறவரோடு பேசுகிற பெருமாள். பிரசாதமாகக் கோயில் இட்லி கிடைத்தால் விடாதீர்கள். மிளகு, சீரகம், சுக்குப் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது. அந்த இலை வாசனை வேறு எங்கும் வராது.

கடைசியாகத் திருவெஃகா. வரதர் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கோயிலைத் தாண்டித்தான் போகிறார்கள், இறங்குவதில்லை. பெருமாள் பெயர் யதோக்தகாரி. தமிழில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். பொய்கையாழ்வார் அவதரித்த தலமும் இதுவே.

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். அவர் மன்னனைப் பாட மறுத்ததால் ஊரைவிட்டுப் போகச் சொன்னான் பல்லவன். சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்பினார். கிளம்புமுன் பெருமாளிடம், நீ மட்டும் இங்கே எதற்கு, உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்! ஊர் இருண்டது. மன்னன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டான். சரி, திரும்பி வந்து பாயை விரித்துப் படுத்துக்கொள் என்று ஆழ்வார் சொன்னதும் அதையும் கேட்டார். போய்த் திரும்பியதன் அடையாளமாக, வழக்கமான சயனத்துக்கு நேர் மாறான திசையில் இன்றும் படுத்திருக்கிறார்.

நான் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டது இதே சன்னிதியில்தான். பெருமாள் பாயைச் சுருட்டும் இடம் வரும்போது அப்பா குரல் தழுதழுக்கும். ஏன் என்று அப்போது புரியவில்லை. அன்று அத்தைக்குச் சொல்லும்போது என் குரலும் அதே இடத்தில் நின்றது.

பட்டர் தீபத்தைத் தலைப்பக்கம் காட்டி, மெல்லத் திருவடிவரை கொண்டுபோனார். அத்தை கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். மாமா காலையிலிருந்து அதிகம் பேசவே இல்லை. "அன்னிக்கு ராத்திரி அவங்க மூணு பேரும் எங்கப்பா தங்கினாங்க?" என்று கேட்டார்.

"ஓரிருக்கையில, மாமா. ஓர் இரவு இருந்ததால அந்தப் பேருன்னு சொல்வாங்க. பாலாற்றங்கரைப் பக்கம்."

"தூரமா?"

"பக்கந்தான்."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை ஆட்டோக்காரத் தம்பியிடம், "புடவைக் கடைக்கு அப்புறம் போய்க்கலாம் கண்ணு, அங்க விடு" என்றார்.