கண் பிரஷரும் குடும்ப டாக்டரும்

வீசிங் மருந்து எழுதி வாங்கத்தான் எங்கள் குடும்ப டாக்டரிடம் போயிருந்தேன். எழுதிக்கொண்டே, "வீட்ல யாருக்காவது கண்ணுல பிரஷர் உண்டா?" என்றார். அப்பாவுக்கு உண்டு. "நாற்பது தாண்டியாச்சு, வருஷக்கணக்கா ஸ்டீராய்டு இன்ஹேலர் வேற. கண் டாக்டரைப் பார்த்துடுங்க" என்று கடிதம் கொடுத்தார். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் பிரஷரால் பார்வை நரம்பு கெடும் நோய், அநேகமாக ஓரப் பார்வையில்தான் முதலில் கை வைக்கும், அதனால் நமக்கே தெரியாது என்றார்.

கண் மருத்துவமனையில் அழுத்தம் 26 காட்டியது. 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள். ஆனால் 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டாம். அதனால் கருவிழியின் தடிமன், கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணம், பார்வை நரம்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். என்னைப் படுத்தியெடுத்தது, பார்வை எவ்வளவு அகலத்துக்கு எட்டுகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட்தான். ஒரு கண்ணை மறைத்து, மோவாயைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். பல வெளிச்சங்கள் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கலாகத்தான் வரும், சோதனையே அப்படித்தான். அதை யாரும் முன்னால் சொல்லாததால் பார்வையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்ப நிலைதான். ராத்திரி ஒரு சொட்டு மருந்து. அது போதாமல் அப்புறம் டிமோலால் என்ற இன்னொரு சொட்டு மருந்தும் சேர்ந்தது. சர்க்கரையையும் பிபியையும் கேட்ட கண் மருத்துவமனைப் படிவத்தில் வீசிங்குக்கு இடமே இல்லை. கொஞ்ச நாளில் படியேறினாலே இழுப்பு. குடும்ப டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, "புதுசா என்ன மருந்து?" என்றார். பாட்டிலைக் காட்டினேன். டிமோலால் பீட்டா பிளாக்கர், பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மருந்து வகை. கண்ணில் விட்டாலும் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அங்கிருந்தே கண் டாக்டரிடம் போனில் பேசினார். டிமோலால் போய் டார்சோலமைடு வந்தது.

மருந்து விடும் முறையையும் அவர்தான் செய்து காட்டினார். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி.

இப்போதெல்லாம் சளி மாத்திரைக்குக்கூட அவரைக் கேட்டுவிடுகிறேன். சில சளி மாத்திரைகள் ஆபத்தாவது கோணம் குறுகியவர்களுக்குத்தான், உங்களுடையது திறந்த கோணம் என்று ஒவ்வொரு முறையும் அலுக்காமல் சொல்கிறார்.