சுவருக்குள் நாலு சால்டரிங் அயன்

புதிதாக வாங்கிய 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு ஒரு பக்கெட் தண்ணீரைக் காய வைக்க 26 நிமிஷம் எடுத்துக்கொண்டது. மார்கழிக் குளிரில் அது ரொம்ப நேரம். "கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்டா" என்றார் அம்மா. எனக்கும் அதே சந்தேகம்தான். கடையில் போய் நிற்கும்போது கையில் ஒரு கணக்கு இருக்கட்டுமே என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

பிளக்கைக் கழற்றி, ராடின் இரண்டு பின்களுக்கும் நடுவே மின்தடை பார்த்தேன். 35.8 ஓம். மீட்டர் வயரே 0.4 காட்டும், அதைக் கழித்தால் 35.4. இனி, 1500 வாட் ராடுக்கு எவ்வளவு ஓம் இருக்கவேண்டும் என்ற கணக்கு: வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அதே 230ஆல் பெருக்கினால் 52,900. அதை 1500ஆல் வகுத்தால் 35.3 ஓம். ராடு அசல் சரக்கு!

அப்போதும் மனசு ஒப்பவில்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை இதே மாதிரி அளந்தேன். 64 ஓம். அதை வைத்துத் திருப்பிப் போட்டால் 826 வாட் வருகிறது. பல்பு பொய் சொல்லவில்லை, டங்ஸ்டன் இழை சூடேறினால் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் கூடும். எரியும்போது அது கிட்டத்தட்ட 880 ஓம். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி இப்படிக் குதிக்காது என்று படித்திருந்தேன். ஆனாலும் ஓடும்போது அளந்தால்தான் நிம்மதி.

ஓடும்போது அளப்பது என் வேலை இல்லை. தெருவில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன், வயரைச் சுற்றிக் கவ்வி அதில் ஓடும் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். ஆர்வக்கோளாறில் நான் முந்திக்கொண்டு அதை வாங்கி ராடு வயரைச் சுற்றி மாட்டினேன். மீட்டரில் பூஜ்யம்! "ரெண்டு வயரையும் சேர்த்துப் பிடிச்சா போறதும் வர்றதும் அடிச்சுக்கும் தம்பி. ஃபேஸை மட்டும் தனியாப் பிடிக்கணும்" என்று சிரித்தார். அதற்கென்றே உறையைக் கீறி ஃபேஸ் வயரைத் தனியாகப் பிரித்த ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை வைத்திருந்தார்.

அவர் எடுத்த அளவு: 5.6 ஆம்ப்ஸ், பிளக் முனையில் 198 வோல்ட். வகுத்தால் 35.4 ஓம், குளிர்ந்திருந்தபோது பார்த்த அதே எண். பெருக்கினால் 1109 வாட். ராடு 1500 வாட்தான், நாம் அதற்குத் தீனி போடவில்லை.

அப்படியானால் வோல்ட்டேஜ் எங்கே போகிறது? ராடு ஓடாதபோது மெயின் போர்டில் 228. ஓடும்போது அங்கே 222. அதே நேரம் பின்கட்டு பிளக்கில் 198. போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவே மட்டும் 24 வோல்ட் காணாமல் போகிறது. 24ஐ 5.6ஆல் வகுத்தேன், 4.3 ஓம்.

அந்த வழியில் ஓடுவது ஒன் ஸ்கொயர், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் செம்பு வயர். தூரம் 20 மீட்டர், போக வர 40. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.018 ஓம் என்று வைத்தால் மொத்தம் 0.72 ஓம்தான் வரவேண்டும். 15 ஆம்ப்ஸ் பிளக்குக்கு இந்த வயரே போதாது, அது வேறு குற்றம். ஆனாலும் வயர் தின்பது 4 வோல்ட். மிச்சம் 20 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். இருபதை 5.6ஆல் பெருக்கியதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது: 112 வாட். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயன் 25 வாட். அப்படி நாலுக்கும் மேல், சுவருக்குள் எங்கேயோ ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது.

கணக்குத் தாளைக் காட்டியதும் அண்ணன் வாதாடவில்லை. சுவரில் புறங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். நடையில் இருந்த ஜங்ஷன் பாக்ஸ் மூடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மெயினை ஆஃப் செய்து திறந்தால், வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் கரியாகி உதிர்ந்தது, செம்பு கறுத்துப் போயிருந்தது. ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டார். கரண்ட் கூடினால்தான் ஃபியூஸ் போகும். இங்கே இருக்கவேண்டியதைவிடக் குறைவாகத்தான் ஓடியது, அதற்கு எப்படித் தெரியும்?

ரெண்டரை ஸ்கொயர் வயரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே ஓட்டமாக இழுத்தோம். மறுபடி அளந்தால் 219 வோல்ட், 6.2 ஆம்ப்ஸ், 1358 வாட். பக்கெட் 21 நிமிஷத்தில் காய்ந்தது.

இந்த வெற்றியில் தண்ணீர் மோட்டாரையும் இதே மாதிரி பெருக்கிப் பார்த்து அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராடு, இஸ்திரிப் பெட்டி, கீசருக்குத்தான் நேரடிப் பெருக்கல். மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வரும், பெருக்கி வந்ததில் எவ்வளவு பங்கு நிஜ வாட் என்று சொல்லும் எண் அது.

ராடு போட்டதும் மெயின் போர்டிலேயே 6 வோல்ட் இறங்குகிறதே, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 6ஐ 5.6ஆல் வகுத்தால் ஒரு ஓமுக்குக் கொஞ்சம் மேல். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் பக்கம் அது, அதில் நானோ அண்ணனோ கை வைக்க முடியாது. மனு எழுதி வைத்திருக்கிறேன், அளவுகளோடு.