துண்டில் மாட்டிய தோடு

மேல்காதில் குத்திய மூன்றாம் நாள் காலை. குளித்து முடித்துத் தலை துவட்டும்போது, பூத்துண்டின் நூல் ஒன்று சத்தமில்லாமல் தோட்டில் மாட்டிக்கொள்ளும். ஆசாமி அது தெரியாமல் துண்டைச் சடாரென்று இழுப்பார். அடுத்து வரும் ஓசையை எழுத, தமிழின் 247 எழுத்தும் பத்தாது.

குத்துவதற்கு முன்னால் "வலிக்குமா, வலிக்குமா" என்று நூறு தடவை கேட்பவர்கள், "ஆற எவ்வளவு நாள்?" என்று ஒரு தடவை கேட்டால் புண்ணியமாகப் போகும். காதின் கீழ்ச் சதைக்கு 6 முதல் 8 வாரம். மூக்குக்கு 4 முதல் 6 மாதம். மேல்காதுக் குருத்தெலும்புக்கும் தொப்புளுக்கும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய சவ்விலிருந்து கசிந்து வருவதை வைத்தே அது குடித்தனம் நடத்துகிறது. அவசரப்படுத்தினால் நடக்காது.

தினசரி வேலை என்னவோ கொஞ்சம்தான். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 0.9 சதவீத ஸ்டெரைல் சலைனை, அதாவது கிருமி நீக்கிய உப்புநீரை, முன்னும் பின்னும் அடியுங்கள். இரண்டு நிமிடம் விட்டால் பொருக்கு ஊறிவிடும். ஊறியதை மட்டும் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். ஊறாததை நகத்தால் பெயர்க்க வேண்டாம். பிறகு சுத்தமான டிஷ்யூவால் ஈரம் ஒற்றினால் முடிந்தது. பஞ்சு வேண்டாம், அதன் இழை தோட்டின் கம்பியில் சுற்றிக்கொள்ளும். காலை ஒன்று, இரவு ஒன்று. ஆர்வக்கோளாறில் ஆறு தடவை செய்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

சலைன் கிடைக்கவில்லை என்றால், காய்ச்சி ஆறவைத்த 250 மி.லி. தண்ணீரில் அயோடின் கலக்காத உப்பு கால் டீஸ்பூன். அவ்வளவுதான். "இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் ஆறும்" என்று கை நீளும். காது உப்புக்கண்டம் ஆவதுதான் மிச்சம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ரசிகர்கள் தனிக் கூட்டம். ஊற்றியதும் நுரை பொங்கும், உள்ளே பெரிய போரே நடக்கிற மாதிரி இருக்கும். ரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைப் பிரிப்பதால் வெளியேறும் ஆக்சிஜன்தான் அந்த நுரை. போரில் முதலில் சாவது புதிதாக முளைத்த பிஞ்சுச் செல்கள். ஸ்பிரிட்டும் இதே ரகம். களிம்பு தடவினால் துளைக்குக் காற்றோட்டம் போய்விடும்.

அப்புறம் அந்த அமர உபதேசம்: "தினமும் திருகிவிடு, இல்லாட்டி ஒட்டிக்கும்." கம்பியில் ஒட்டுவது காய்ந்த பொருக்கு. துளைக்குள் வளரும் தோல் நனைந்த காகிதம் மாதிரி. திருகத் திருக அது கிழியும், வெளியே இருந்த பொருக்கு உள்ளே போய் ரம்பம் போல அறுக்கும். கையைச் சும்மா வைத்திருப்பதுதான் இந்தப் பராமரிப்பில் ஆகக் கஷ்டமான பகுதி.

நடுராத்திரி செல்போன் வெளிச்சத்தில் காதைப் படமெடுத்து "சீழா பாருங்க" என்று நாலு பேரை எழுப்புவதும் வழக்கம். வெளிர் மஞ்சளாகக் கசிந்து உலர்வது பெரும்பாலும் நிணநீர், காயம் ஆறும்போது வருவதுதான். கெட்டியாகப் பச்சையாக நாற்றத்தோடு வந்தால், சூடும் சிவப்பும் பரவினால், காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். மேல்காதென்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, குருத்தெலும்பு கரைந்தால் காதின் வடிவமே போய்விடும். பயத்தில் நீங்களாகத் தோட்டைக் கழற்றாதீர்கள். துளை மூடி, சீழ் உள்ளேயே சிறைப்படும்.

பக்கத்தில் சின்னதாகச் சிவப்புப் புடைப்பு வந்ததும் "கீலாய்டு!" என்று அழ வேண்டாம். கீலாய்டு என்பது தடித்த தழும்பு, மாதக்கணக்கில் வளர்ந்து காயத்தின் எல்லையைத் தாண்டிப் போகும். முதல் வாரங்களில் வருவது பெரும்பாலும் எரிச்சல் புடைப்பு. அந்தப் பக்கமே படுத்துத் தூங்குவது, நிக்கல் கலந்த மலிவு உலோகம், இல்லாவிட்டால் கம்பியின் நீளம், அநேகமாக இந்த மூன்றில் ஒன்று குற்றவாளி. படுக்க, நடுவில் ஓட்டை உள்ள பயணத் தலையணை போதும். காது அந்த ஓட்டைக்குள் நிம்மதியாகத் தொங்கும். உலோகத்துக்கு, ஏஎஸ்டிஎம் எஃப்136 தரத்து (உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கான தரம்) டைட்டானியம் கேளுங்கள்.

நீளம் விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வீக்கத்துக்கு இடம் வேண்டுமென்று முதலில் நீளமான கம்பிதான் போடுவார்கள். வீக்கம் வடிந்ததும், 4 முதல் 8 வாரத்தில், குத்தியவரிடமே போய்க் குட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் அது நெம்புகோல் மாதிரி ஆடி ஆடித் துளையையே சாய்த்துவிடும். முடி, முகக்கவசக் கயிறு, சட்டைக் கழுத்து என்று போகிற வருகிற எல்லாவற்றையும் வம்புக்கும் இழுக்கும்.

மேல்காதில் மூன்றாவது மாதம் வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. துளை வெளியிலிருந்து உள்நோக்கி ஆறும், நடுப்பகுதி இன்னும் பச்சைப் புண். இது தெரியாமல் "ஆறிடுச்சு" என்று ராத்திரி கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் கண்ணாடி முன் ஒரு கையில் தோடு, மறு கையில் காது. முன்பக்கம் துளை இருக்கும். பின்பக்கத்தைத்தான் காணோம்.