மெட்ராஸ் ஐயும் சும்மா இருக்காத கையும்

மெட்ராஸ் ஐ வந்தவர்கள் முதலில் தேடுவது சொட்டு மருந்தைத்தான். கடைக்குப் போனால் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் அங்கே போகாமல் நேராகக் கண் மருத்துவரிடம் போனதற்கு ஒரே காரணம், நான் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கண் சிவந்தால் அது மெட்ராஸ் ஐயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கருவிழியிலேயே தொற்று வந்திருக்கலாம் என்று லென்ஸ் வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். கருவிழித் தொற்றை விட்டு வைத்தால் பார்வைக்கே ஆபத்து. அதனால் உறுத்தல் தொடங்கியதுமே லென்ஸைக் கழற்றிவிட்டுப் பழைய மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிட்டேன்.

இடது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இமையை இழுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை, ஆனால் உறுத்தல் மட்டும் போகவில்லை. மறுநாள் காலை இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து, காய்ந்த பீளை ஊறிய பிறகுதான் கண்ணைத் திறக்க முடிந்தது. வெள்ளை விழி முழுக்க ரத்தச் சிவப்பு. நாள் முழுக்கத் தண்ணீராக ஒழுகியது. காதுக்கு முன்னால் சின்னதாக ஒரு கட்டி, தொட்டால் வலித்தது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவரோ கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அந்த இடத்தைத்தான் அழுத்திப் பார்த்தார். அது நிணநீர்க் கட்டி, வைரஸால் வரும் கண் தொற்றில் அடிக்கடி வீங்கும் என்றார்.

அப்புறம் கேள்விகள். அரிக்கிறதா, உறுத்துகிறதா? வடிவது தண்ணீரா, சீழா? வெளிச்சத்தைப் பார்த்தால் வலிக்கிறதா? சமீபத்தில் சளி, தொண்டை வலி இருந்ததா? இந்தப் பதில்களிலேயே பாதி தெரிந்துவிடுமாம். இரண்டு கண்ணும் தாங்க முடியாமல் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், அது யாருக்கும் ஒட்டாது. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான சீழ் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம், குழந்தைகளுக்கு இந்த வகை அதிகம். ஒரு கண்ணில் தொடங்கி, தண்ணீராக வடிந்து, சில நாளில் அடுத்த கண்ணுக்கும் போவது பெரும்பாலும் வைரஸ், அதிலும் அடினோவைரஸ். மேல் இமையைப் புரட்டிப் பார்த்தார். ஆரஞ்சு நிறச் சாயம் தடவிய காகிதத் துண்டைக் கண்ணோரம் வைத்து எடுத்து, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் புண்ணோ கீறலோ இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிருமாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, அப்புறம் குளிர்ந்த நீர் ஒத்தடம். அவ்வளவுதான்.

"ஆண்டிபயாடிக் எழுதித் தரவில்லையா டாக்டர்?"

"இது வைரஸ்மா. ஆண்டிபயாடிக் போட்டாலும் போடாவிட்டாலும் அதே நாள்தான் எடுக்கும். ரெண்டு மூணு வாரம்கூட ஆகலாம். முதல் வாரம் இன்னும் மோசமாகும், பயந்துவிடாதீங்க."

அண்ணன் தனக்கு முன்பு வந்தபோது போட்ட சொட்டு மருந்தில் மிச்சம் இருக்கிறது, ஒரே நாளில் சிவப்பு போய்விடும் என்று சொல்லியிருந்தான். அதன் படத்தைக் காட்டினேன். ஸ்டீராய்டு கலந்தது. அதுவரை சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தவர் குரலை மாற்றிக்கொண்டார். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், ஆனால் வைரஸ் கண்ணை விட்டுப் போவதைத் தள்ளிப்போடும். வந்திருப்பது அடினோவைரஸாக இல்லாமல் ஹெர்பிஸாக இருந்தால் கருவிழியையே அரித்துவிடும். சிலருக்குக் கண்ணின் அழுத்தமும் ஏறும். மருத்துவர் பார்த்துக் கொடுக்காமல் அதைத் தொடவே கூடாது என்றார். தவிர, இன்னொருவர் கண்ணுக்கு விட்ட புட்டியை வாங்கிப் போடுவதே தப்புதான்.

ஆக, மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை முழுக்கக் கைக்குத்தான். இந்த வைரஸ் காய்ந்த பரப்புகளில் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஆல்கஹால் சானிடைசரை முழுதாக நம்ப முடியாது, சோப்புப் போட்டு ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதுதான் சரி. கேட்கும்போது சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கை எத்தனை தடவை முகத்துக்குப் போகிறது என்று கவனித்தேன். யோசித்தால் புருவத்துக்கு, படித்தால் கன்னத்துக்கு, கண்ணாடி சரிந்தால் மூக்குக்கு. அந்தக் கண்ணாடியின் மூக்குப் பட்டைதான் மோசம். கண்ணீர் வழிந்து நேராக அங்கேதான் தேங்கும், அதையே விரலால் மேலே தள்ளுவோம். தினமும் அதையும் சட்டத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கண்ணைத் துடைக்க டிஷ்யூ தாள்தான். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு, உடனே குப்பைத் தொட்டி, அப்புறம் கை கழுவல். கைக்குட்டை வேண்டாம். துண்டு தனி, தலையணை உறையைத் தினமும் மாற்றிச் சுடுநீரில் துவைத்தேன். கைபேசித் திரையை மறந்துவிடாதீர்கள்.

சொட்டு விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கை கழுவி, கீழ் இமையை லேசாக இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரு சொட்டு. புட்டியின் நுனி இமையிலோ ரெப்பை முடியிலோ படக்கூடாது, பட்டால் அந்தப் புட்டியே அசுத்தம். விட்டதும் படபடவென்று இமைக்காமல் ஒரு நிமிடம் மூடியிருந்தால் போதும். வலது கண்ணுக்குத் தனிப் புட்டி வைத்திருந்தேன். இருந்தும் சில நாளில் அதற்கும் வந்தது, ஆனால் இடது அளவுக்கு உக்கிரமாக இல்லை. இரண்டாவது கண் பெரும்பாலும் இப்படித்தானாம்.

இனி என் கணவர் கதை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். நானும் அவர் நிம்மதிக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். பார்வையால் இது பரவாது, கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கும், நம் கை கண்ணுக்குப் போகாமல் இருக்கவும்தான் என்று சொன்னால் காதில் வாங்கினால்தானே? தரையைப் பார்த்தபடியே என் கையிலிருந்து டிவி ரிமோட்டை வாங்குவார், படம் பார்த்துக்கொண்டே கண்ணைக் கசக்குவார். எனக்குச் சரியாகிவரும் நேரத்தில் அவருக்கு வந்தது. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய இரண்டு வாரம் வரைகூட ஆகலாம் என்பதால், வீட்டில் ஒருவருக்குக் குறைந்துவிட்டது என்று துண்டையும் தலையணையையும் உடனே ஒன்றாக்கிவிடக் கூடாது. மகள் எப்படியோ தப்பித்துக்கொண்டாள். அவளைத் தனியறையில் படுக்க வைத்திருந்தோம், சொன்னபடி கையும் கழுவினாள்.

வேலைக்கு எப்போது போகலாம் என்றும் கேட்டேன். கண்ணில் சிவப்பும் நீர் வடிதலும் இருக்கிற வரை பரப்புகிறோம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அது 10 முதல் 14 நாள் வரை இருக்கலாம் என்றார். இடையில் கடும் வலி வந்தாலோ, வெளிச்சத்தில் கண் திறக்கவே முடியாமல் போனாலோ, இமைத்த பிறகும் பார்வை மங்கலாகவே இருந்தாலோ, காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். பிறந்த குழந்தைக்குக் கண் சிவந்து சீழ் வடிந்தால் அன்றே காட்ட வேண்டுமாம்.

சிவப்பெல்லாம் போன பிறகு எதிர்பாராத ஒன்று. இரவில் தெரு விளக்குகளைச் சுற்றி ஒளி சிதறியது, எழுத்துகள் லேசாகப் புகை படிந்து தெரிந்தன. மறுபடி காட்டினேன். கருவிழியின் மேற்பரப்புக்கு அடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். வைரஸ் போய்விட்டது, அது விட்டுப்போன மிச்சத்தோடு உடலின் எதிர்ப்புச் சக்தி போடும் சண்டைதான் இது என்றார். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தானாக மங்கிவிடும். பார்வை ரொம்பப் பாதித்தால் மட்டும் மிதமான ஸ்டீராய்டு கொடுத்து, கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லமெல்லக் குறைப்பார்களாம். எந்த மருந்தைத் தொடாதே என்றாரோ அதே மருந்துதான், ஆனால் அவர் கண்காணிப்பில். எனக்கு அது தேவைப்படவில்லை, புள்ளிகள் தானாகவே குறைந்தன.

பழைய லென்ஸ், அதன் டப்பா, திறந்திருந்த திரவப் புட்டி, கண் மை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். லென்ஸ் விலையை நினைத்தால் மனசு கேட்கவில்லைதான். புள்ளிகள் மறைந்துவிட்டதை மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் புதுசு போட ஆரம்பித்தேன்.