132 சிசி ஆசைப்பட்டு 17 சிசி கிடைத்த கதை

என்னிடம் இருப்பது 1985 மாடல் பிரீமியர் பத்மினி. மருதமலை ஏற்றத்தில் நாலு பேரோடு ஏறினால் முதல் கியருக்கு வந்துவிடும். பின்னால் நீலப்புகை. இன்ஜினை எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும், பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம், கொஞ்சம் சிசி (இன்ஜினின் கொள்ளளவு) ஏற்றிவிடலாமே என்று ஆசை வந்தது. பட்ஜெட் 25,000 ரூபாய். அதற்கு மேல் போனால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது. பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட் 1100டி. 1962-இல் அங்கே அது 1221 சிசி இன்ஜினோடு வந்தது: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 75 மி.மீ. நம் ஊரில் மும்பை குர்லாவில் தயாரித்த பெட்ரோல் வண்டிக்குக் கடைசிவரை 68 மி.மீ. போர், அதே 75 ஸ்ட்ரோக், 1089 சிசி. ஸ்ட்ரோக் ஒன்றுதானே, போரை 4 மி.மீ. பெரிதாக்கினால் 132 சிசி சும்மா கிடைக்குமே என்று காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இன்ஜினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் அப்பியிருந்த கரியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினேன். இரண்டாவது பிஸ்டனில் கரிக்கு அடியில் ஏதோ எழுத்து. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால், 040. நாலிலும் அதேதான். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஏற்கெனவே 40 தௌ போரிங் செய்து சிலிண்டரைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறையில் மி.மீ. பேசினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.) நான் 1089 என்று நம்பி ஓட்டிக்கொண்டிருந்தது உண்மையில் 1122 சிசி வண்டி.

பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போரிங் பட்டறைக்குப் போனேன். அண்ணன் உள்ளே டயல் கேஜை விட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரில் மேல்பக்கம் 8 தௌ தேய்ந்திருக்கிறது என்றார். 72 மி.மீ. பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, சுவத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி ஓடுது. அது எத்தனை கனம்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அறுபது போடு. அதுக்கு மேல லைனர்தான்."

லைனர் என்றால் சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழாய். "சரிங்கண்ணா" என்பதைத் தவிர என்ன சொல்ல? 72 மி.மீ. பிஸ்டன் கேட்ட மூன்று கடைகளிலும் இல்லை. ஸ்ட்ரோக்கைக் கூட்டலாம் என்றால் வேறு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வேண்டும், அது என் பட்ஜெட்டின் பேச்சே இல்லை. ஆக 60 தௌ, அதாவது 69.5 மி.மீ., 1139 சிசி. இருந்ததைவிட 17 சிசி அதிகம். ஒரு மருந்து சிரிஞ்ச் அளவு.

பிஸ்டன் செட் 6,500 ரூபாய். இதை வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் போரிங்கே ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, 2 தௌ இடைவெளி விட்டு அந்தந்த சிலிண்டரை முடித்துத் தந்தார். கிராங்கை 10 தௌ கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போட்டாயிற்று. அலுமினிய ஹெட் லேசாக வளைந்திருந்தது, ஃபேசிங் செய்து மட்டமாக்கியாயிற்று. வால்வு சீட்டை நானே பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், இரண்டு மாலை போனது.

ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் இழைப்பது) முடிந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவினால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. அந்தக் கல்தூள் எண்ணெயில் போகாது. சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ் மூன்றும் வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை உள்ளே விட்டுத் துடைத்தேன், சாம்பல் நிறம். ஆறு முறை கழுவிய பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. உடனே எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரே துருப்பிடிக்கிறது.

அப்புறம் ரிங் கேப், அதாவது பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கின் இரு நுனிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுத் தள்ளினால் ரிங் நேராக உட்காரும். ஃபீலர் கேஜில் 7 தௌ வந்தது. போர் ஓர் அங்குலத்துக்கு 4 தௌ என்ற கணக்கில் 11 வேண்டும். குறைவாக விட்டால் சூட்டில் ரிங் நுனிகள் முட்டி உடைந்துவிடும். சின்ன அரத்தால் ஒரே திசையில் நாலு இழுப்பு, அளவு, மறுபடி இரண்டு இழுப்பு, அளவு. எட்டு ரிங்குக்கும் ஒரு முழு ஞாயிறு.

அவ்வளவு பொறுமையாகச் செய்துவிட்டு, ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ரிங் கம்ப்ரஸரை இரவல் கேட்கச் சோம்பல்பட்டு, தகரத்தைச் சுருட்டி ஹோஸ் கிளிப் போட்டு பிஸ்டனை இறக்கினேன். மூன்றாவதில் டிக் என்று ஒரு சத்தம். ரிங் உடைந்தது. ஒற்றை ரிங் எவரும் தருவதில்லை, முழு செட் 1,400. மறுநாள் கம்ப்ரஸர் இரவல் வாங்கினேன்.

வால்வைத் தள்ளும் டேப்பெட்டையும் புஷ்ராடையும் முட்டை அட்டையில் எண் போட்டு வைத்திருந்ததால் அவை அதனதன் குழிக்கே திரும்பிப் போயின. இந்த வேலையில் நான் பெருமைப்படும் ஒரே விஷயம் அந்த முட்டை அட்டைதான்.

மொத்தச் செலவு 23,000-க்குச் சற்று கீழே. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் முன்பு 95, 90, 65, 95 பவுண்டு காட்டியது. 500 கி.மீ. மெதுவாக ஓட்டி எண்ணெய் மாற்றியபின் 130, 130, 125, 130. சிரிஞ்சில் எண்ணெய் விட்டு அளந்ததில் எரி அறை கேஸ்கெட்டோடு சேர்த்து 42 சிசி. அந்தக் கணக்கில் 60 தௌ பிஸ்டனுக்குக் கம்ப்ரஷன் விகிதம் 7.8-க்குப் பக்கம். ஸ்டாண்டர்டு பிஸ்டன் என்றால் 7.5தான் வரும். ஆனால் மருதமலையில் வண்டி இப்போது இரண்டாவது கியரிலேயே நாலு பேரோடு ஏறுவதற்கு 17 சிசியோ இந்த விகிதமோ பெரிய காரணமில்லை, அந்த 65 பவுண்டு சிலிண்டர் வேலைக்குத் திரும்பியதுதான் காரணம். போரிங் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நாலு சிலிண்டர் வண்டியை மூணுல ஓட்டிட்டு இருந்திருக்கே" என்றார்.

பிளக் நாலும் வெளுப்பாக வருகிறது, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் போதவில்லை. அடுத்த ஞாயிறு கார்புரேட்டர் மெயின் ஜெட்டைக் கழற்ற வேண்டும்.